எண்ணூர்க் கழி: ஒரே பெயருக்குள் அடங்காத நீர்ப்பரப்பு

சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில், கொசத்தலையாறு வங்கக் கடலைச் சேரும் இடத்தில் விரிந்து கிடக்கும் உவர்நீர்ப் பரப்பை எண்ணூர்க் கழி என்கிறோம். நாளிதழ்கள் அதை எண்ணூர் கழிமுகம் என்றும் எண்ணூர் முகத்துவாரம் என்றும் மாற்றி மாற்றி எழுதுகின்றன. ஆங்கில ஆவணங்களின் வழக்கைப் பின்பற்றி எண்ணூர் கிரீக் என்று சொல்வோரும் உண்டு. மேலோட்டமாகப் பார்த்தால் இவை அனைத்தும் ஒரே இடத்துக்கு வழங்கும் வேறு வேறு பெயர்களாகவே தோன்றும். ஆனால் நிலப்படத்தை விரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயரும் எந்தப் பகுதியைச் சுட்டுகிறது என்று பார்த்தால், ஒன்று கடலும் கழியும் சந்திக்கும் குறுகிய வாயை மட்டும் குறிப்பதும், மற்றொன்று ஆறு கடலோடு கலக்கும் பகுதியைக் குறிப்பதும், வேறொன்று மணல்மேட்டுக்குப் பின்னால் கிலோமீட்டர் கணக்கில் நீளும் நீர்ப்பரப்பு முழுவதையும் குறிப்பதும் தெரியவரும். இந்த வேறுபாட்டைச் சொல்லாராய்ச்சி செய்வோரின் கவலை என்று ஒதுக்கிவிட முடியாது. எண்ணூரில் எந்த நிலத்தில் கட்டலாம், எந்த நிலத்தில் கட்டக்கூடாது என்ற கேள்வியே, கழி எதுவரை நீள்கிறது என்பதற்குக் கிடைக்கும் பதிலைப் பொறுத்து அமைகிறது.

முதலில் இடத்தின் அமைப்பைப் பார்ப்போம். இங்கே கடற்கரை தெற்கு வடக்காக ஓடுகிறது. மேற்கிலிருந்து கொசத்தலையாறு வருகிறது. தெற்கிலிருந்து, திருவொற்றியூரையும் மணலியையும் கடந்து, பக்கிங்காம் கால்வாய் வந்து சேர்கிறது. வடக்கே, அத்திப்பட்டு, புழுதிவாக்கம் போன்ற ஊர்கள் உள்ள நிலப்பகுதிக்கும் கடலை ஒட்டிய காட்டுப்பள்ளி என்னும் நீண்ட மணல்திட்டுக்கும் இடையே, பழவேற்காடு ஏரி வரை செல்லும் ஒரு நீர்வழி இருக்கிறது. இந்த மூன்றும் கூடும் இடத்தில் கிழக்கே ஒரு குறுகிய திறப்பு; அதுதான் கடலுக்குப் போகும் வாசல். எண்ணூர்க் கழி என்றவுடன் பலரும் மேற்கிலிருந்து கிழக்காக ஓடிவந்து கடலில் முடியும் ஓர் ஆற்றின் கடைசித் துண்டைக் கற்பனை செய்கிறார்கள். உண்மையில் இதன் பெரும்பகுதி கடற்கரைக்கு இணையாக, மணல்மேட்டின் முதுகுப்புறத்தில், தெற்கு வடக்காகப் படுத்திருக்கிறது. ஆற்றின் வால் என்பதைவிட, பழவேற்காடு ஏரியின் தெற்கு நோக்கிய நீட்சி என்று இதைக் கொள்வதே நில அமைப்புக்குப் பொருந்தும் என்பது என் கருத்து.

இப்படி ஆனதற்குக் காரணம் மணல். தமிழகத்தின் வடகடலோரத்தில் ஆண்டின் பெரும்பகுதியில், தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில், அலைகள் கரையைச் சாய்வாகத் தாக்கி மணலை வடக்கு நோக்கி நகர்த்துகின்றன. வடகிழக்குப் பருவக்காற்றின் போது சில மாதங்கள் மட்டும் மணல் தெற்கே திரும்புகிறது. கூட்டிக் கழித்துப் பார்த்தால் வடக்கே போகும் மணலே மிகுதி. கடல்மட்டம் இன்றைய நிலையை ஒட்டி நிலைபெற்ற பின், கடந்த சில ஆயிரம் ஆண்டுகளில், இந்த மணல் கரையோரத்தில் நீண்ட தடுப்புகளாகக் குவிந்திருக்கிறது. அந்தத் தடுப்புகளுக்குப் பின்னால் சிக்கிக்கொண்ட நீர்தான் பழவேற்காடு ஏரியாகவும் எண்ணூர்க் கழியாகவும் இன்று இருக்கிறது. கடலை நேரே அடைய முடியாத ஆறுகள் மணலுக்குப் பின்னால் பக்கவாட்டில் பரவி, மணல் எங்கே மெலிந்திருக்கிறதோ அங்கே உடைத்துக்கொண்டு வெளியேறுகின்றன.

அந்த உடைப்புத்தான் முகத்துவாரம். அது நிலையான ஒன்றன்று. சென்னைக் கடற்கரையில் ஓதத்தின், அதாவது நாள்தோறும் கடல்நீர் ஏறி இறங்குவதன், ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையிலான வேறுபாடு, பௌர்ணமி அமாவாசை நாட்களில்கூட ஒரு மீட்டரைச் சற்றே தாண்டும் அளவுதான். குஜராத்திலோ வங்கத்திலோ இருப்பதுபோல் ஓதமே வாயைத் துடைத்துத் திறந்து வைத்திருக்கும் வலிமை இங்கே இல்லை. ஆகவே கோடையில், ஆற்றில் நீர் வராத மாதங்களில், மணல் வாயை நெருக்கி மேடாக்குகிறது. ஐப்பசி கார்த்திகை மழையில் ஆறு பெருகி வரும்போது வெள்ளம் அந்த மேட்டை அறுத்துக்கொண்டு கடலுக்குப் போகிறது. மூடுவதும் திறப்பதும் இந்தக் கழியின் இயல்பான ஆண்டுச் சுழற்சி. இறால் குஞ்சுகளும் மடவை, கொடுவா போன்ற மீன்களின் குஞ்சுகளும் கடலிலிருந்து உள்ளே வந்து வளர்ந்து மீண்டும் வெளியேறுவது, இந்த வாய் எப்போது எவ்வளவு திறந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது.

மனிதர் இந்தச் சுழற்சியில் கைவைத்த வரலாறு சென்னைத் துறைமுகத்திலிருந்து தொடங்குகிறது. 1870களில் அதன் தடுப்புச்சுவர்கள் கடலுக்குள் நீளத் தொடங்கியதும், வடக்கே போக வேண்டிய மணல் துறைமுகத்துக்குத் தெற்கே தங்கிவிட்டது. மெரினாவின் அகன்ற மணல்வெளி அப்படி வளர்ந்ததுதான். தெற்கே தங்கிய மணல் வடக்கே கிடைக்கவில்லை. இராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடற்கரை அரிக்கப்பட்டது, இன்றும் அரிக்கப்பட்டு வருகிறது. கரையில் வரிசையாகக் கொட்டப்பட்டிருக்கும் கருங்கற்களே இதற்குச் சாட்சி. பின்னர் 2001இல் கழியின் வாய்க்கு வடக்கே எண்ணூர்த் துறைமுகம் இயங்கத் தொடங்கி, அதன் தடுப்புச்சுவர்களும் மணலின் போக்கை மாற்றின. முகத்துவாரத்தைத் தூர்வாரித் திறந்து வைக்க வேண்டும் என்ற கோரிக்கை மீனவர்களிடமிருந்து ஓயாமல் எழுவதன் பின்னணி இது.

இனி ஆறு. கொசத்தலையாற்றின் நீளம் ஏறத்தாழ 136 கிலோமீட்டர். சென்னையைத் தொடும் மூன்று ஆறுகளில் நீர்ப்பிடிப்புப் பரப்பு மிகப் பெரியது இதற்கே. காவேரிப்பாக்கம் ஏரியின் மிகைநீர் ஒரு கிளையாகவும், நகரி மலைப்பகுதியிலிருந்து வரும் நீர் மற்றொரு கிளையாகவும் பூண்டியில் கூடுகின்றன. காவேரிப்பாக்கம் ஏரிக்கு நீர் தருவது பாலாறு. பாலாறே ஒரு காலத்தில் இந்தப் பள்ளத்தாக்கின் வழியாக வடகிழக்கே ஓடிக் கடலைச் சேர்ந்தது என்றும், பின்னர் தெற்கே திரும்பி இன்றைய தடத்தைப் பிடித்தது என்றும் நிலவியலாளர் கருதுகின்றனர். அப்படியானால் எண்ணூரையும் பழவேற்காட்டையும் ஒட்டிய சமவெளியில் இவ்வளவு வண்டலும் மணலும் குவிந்திருப்பது வியப்பன்று. வழியில் கேசாவரம் அணைக்கட்டில் இந்த ஆற்றிலிருந்து ஒரு கிளை பிரிந்து கூவமாகிறது என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். தலைநகரத்தின் இரண்டு ஆறுகள் ஒரே நீரைப் பங்கிட்டுக்கொண்டவை.

ஆற்றின் பெயரே இரண்டு வழிகளில் பயணப்பட்டிருக்கிறது. அரசின் நீர்வளக் குறிப்புகள் கொசஸ்தலை ஆறு என்கின்றன. பேச்சில் அது கொசத்தலையாறு. குசஸ்தலை என்று எழுதும்போது தருப்பைப் புல் விளையும் இடம் என்ற வடமொழிப் பொருளும், துவாரகையின் பழம்பெயராகப் புராணங்கள் சொல்லும் குசஸ்தலியின் நினைவும் அதில் ஏறிக்கொள்கின்றன. ஆங்கிலேயர் காலத்து நிலப்படங்களிலும் தொல்லியல் எழுத்துகளிலும் இதே ஆறு கொர்த்தலையாறு என்று இருக்கிறது. 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் பழங்கற்காலக் கருவிகளைக் கண்டெடுத்த அத்திரம்பாக்கம் இந்த ஆற்றுப்படுகையில் உள்ளது. அங்கு கிடைத்த கருவிகள் ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகள் பழமையானவை என்று 2011இல் வெளியான ஆய்வு கணித்தபோது, உலகம் படித்த பெயர் கொர்த்தலையாற்றுப் படுகை என்பதே. எண்ணூரில் அனல்மின் நிலையச் சாம்பல் கலந்து ஓடுவதாகச் செய்தியில் வரும் கொசத்தலையாறும், மனித வரலாற்றின் மிகப் பழைய தடயங்களில் ஒன்றைத் தாங்கிய கொர்த்தலையாறும் ஒன்றுதான் என்பதைப் படித்தவர்களே பலர் உணராதிருப்பதற்கு இந்த இரட்டைப் பெயரும் ஒரு காரணம்.

1944இல் பூண்டி நீர்த்தேக்கம் கட்டி முடிக்கப்பட்டது. சத்தியமூர்த்தியின் பெயர் பின்னர் அதற்குச் சூட்டப்பட்டது. சென்னையின் குடிநீருக்காக எழுந்த அந்த அணைக்குப் பின், கழிக்கு வரும் நன்னீர் பெருமழைக் காலத்துக்குச் சுருங்கியது. அதற்குக் கீழே தாமரைப்பாக்கத்திலும் வல்லூரிலும் அணைக்கட்டுகள் இருக்கின்றன. ஆகவே வல்லூருக்குக் கிழக்கே, ஆண்டின் பல மாதங்களில், ஆற்றுத்தடத்தில் நிற்பது ஆற்றுநீர் அன்று. ஓதத்தோடு ஏறிவந்த கடல்நீர். 1960களின் இறுதியிலிருந்து மீஞ்சூர்ப் பகுதியின் நிலத்தடி நீரில் உப்பு ஏறிவருவது பதிவாகியிருக்கிறது. நகரத்துக்காகவும் ஆலைகளுக்காகவும் கிணறுகளிலிருந்து நீரை இறைக்க இறைக்க, நிலத்துக்கு அடியிலும் கடல் உள்நோக்கி நகர்ந்தது. மேற்பரப்பிலும் அடியிலும் உவர் மேற்கே நகரும்போது கழியும் மேற்கே வளர்கிறது என்றே பொருள்.

தமிழில் இத்தகைய இடங்களுக்கான சொற்கள் செழிப்பானவை. கழி என்பது மிகப் பழைய சொல். நெய்தல் திணைப் பாடல்களில் இருங்கழி, பெருங்கழி என்று திரும்பத் திரும்ப வருவது. கடல்நீர் உட்புகுந்து தேங்கி நிற்கும் பரப்பு முழுவதையும் அது குறிக்கும். உப்பங்கழி என்றால் அதன் உவர்த்தன்மை அழுத்தம் பெறுகிறது. கழிமுகம் என்பது ஆறு கடலோடு கலக்கும் பகுதி. கயவாய், புகார் என்பவை அதே பகுதிக்கான இலக்கியச் சொற்கள். முகத்துவாரம் என்பது வாய் மட்டும், அதாவது மணல்மேட்டில் உள்ள திறப்பு. குமரிக் கடற்கரையில் பொழி என்பார்கள். வருவாய்த் துறைக் குறிப்புகளிலும் பேச்சிலும் கழுவெளி என்ற சொல் சென்னையைச் சுற்றிலும் உண்டு. நீர் ஏறி இறங்கும் சதுப்பு வெளிகளுக்கு அது வழங்குகிறது. பள்ளிக்கரணையையும் முன்பு அப்படித்தான் அழைத்தார்கள். மரக்காணத்துக்கு அருகில் உள்ள கழுவெளி இன்று பறவைகள் சரணாலயமாக அந்தப் பெயரோடே நிற்கிறது. எண்ணூரில் முகத்துவாரம், கழிமுகம், கழி, கழுவெளி என்ற நான்கும் அடுத்தடுத்து இருக்கின்றன. கிரீக் என்ற ஒற்றைச் சொல் இந்த நான்கையும் ஒன்றாக்கிவிடுகிறது. அமெரிக்க ஆங்கிலத்தில் அந்தச் சொல் சிறு ஓடையைக் குறிப்பதால், சில மொழிபெயர்ப்புகளில் எண்ணூர் ஓடை என்று வந்துவிடுவதும் உண்டு. அப்படி எழுதினால் வெளியூர் வாசகர் நினைப்பது கழிவுநீர் ஓடும் ஒரு வாய்க்காலைத்தான்.

எண்ணூர் என்ற பெயர் எப்படி வந்தது என்பதற்கு எட்டு ஊர்களின் தொகுதி என்ற விளக்கம் பரவலாகச் சொல்லப்படுகிறது. எண் என்பதோடு ஊர் சேரும்போது ணகரம் இரட்டித்து எண்ணூர் ஆவது இலக்கண விதிக்கு முற்றிலும் பொருந்தும். ஆனால் இலக்கணம் இடம் தருவது ஒன்று, வரலாறு சான்று தருவது வேறு. எண்ணூறு என்ற எண்ணுப்பெயரோடு ஒலி ஒத்திருப்பதால் அந்த வழியிலும் விளக்கம் சொல்வோர் உண்டு. இந்த விவாதத்தில் நெடுநேரம் நிற்பதைவிட, அந்தப் பெயர் எந்த அளவுக்கு விரிந்தது என்பதைப் பார்ப்பதே பயனுள்ளது. ஏனெனில் நிர்வாகப் பதிவில் இந்த வட்டாரத்தின் பெயர் நெடுங்காலம் கத்திவாக்கம்தான். கத்திவாக்கம் நகராட்சி என்றே அது இயங்கி, 2011இல் சென்னை மாநகராட்சியோடு இணைக்கப்பட்டது. சென்னையிலிருந்து கூடூர் செல்லும் இருப்புப்பாதையில் கத்திவாக்கமும் எண்ணூரும் அடுத்தடுத்த நிலையங்கள். ஊருக்குக் கத்திவாக்கம், கழிக்கு எண்ணூர் என்று பெயர்கள் பிரிந்து நிலைத்ததற்குக் கடல்வழியும் கால்வாயும் உப்பும்தான் காரணமாக இருக்க வேண்டும். வெளியிலிருந்து வந்தோர் நீர்வழியாக வந்து சேர்ந்த இடத்தின் பெயரையே நீருக்கும் வைத்தார்கள்.

கழியின் கரையில் வாழ்வோர் வைத்த பெயர்கள் இன்னும் நுட்பமானவை. எண்ணூர்க்குப்பம், தாழங்குப்பம், நெட்டுக்குப்பம், முகத்துவாரகுப்பம், காட்டுக்குப்பம், சிவன்படைக்குப்பம் என்று வரிசையாக மீனவ ஊர்கள். குப்பம் என்பது கடலோர மீனவர் குடியிருப்பு. அதன் முன்னால் நிற்கும் சொல் பல இடங்களில் அந்த நிலத்தின் அடையாளம். தாழங்குப்பத்தின் தாழை, மணல்மேட்டில் வளர்ந்து மணலைப் பிடித்து நிறுத்தும் நெய்தல் நிலத்துச் செடி. அந்தப் பெயர் உள்ள இடத்தில் மணற்குன்று இருந்திருக்கும் என்று ஊகிக்கலாம். முகத்துவாரகுப்பம் கழியின் வாயைத் தன் பெயரிலேயே வைத்திருக்கிறது. காட்டுக்குப்பமும் காட்டுப்பள்ளியும், இன்று புகைபோக்கிகளும் பாரந்தூக்கிகளும் நிற்கும் நிலத்தில் புதரும் கண்டல் என்னும் அலையாத்தி மரங்களும் அடர்ந்திருந்த காலத்தின் பதிவுகள். மேற்கே அத்திப்பட்டு, நந்தியம்பாக்கம், புழுதிவாக்கம், வல்லூர், மீஞ்சூர் என வரும் பட்டு, பாக்கம், வாக்கம், ஊர் என்ற ஈறுகளைப் பார்த்தாலே மீன்பிடி நிலம் முடிந்து உழவு நிலம் தொடங்கும் கோடு எங்கே இருந்தது என்று ஓரளவு ஊகிக்க முடிகிறது. நிலப்படம் வரைவோர் இந்த ஊர்ப்பெயர்களை அளவீட்டுக் குறிப்புகளாகவே எடுத்துக்கொள்ளலாம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நீருக்குள்ளும் பெயர்கள் உண்டு. மடு, மேடு, திட்டு, கால் என்று ஆழத்தையும் ஓட்டத்தையும் வைத்து மீனவர் இடம் சுட்டுகிறார்கள். வடக்கே பழவேற்காட்டில், யார் எந்த நாளில் எந்த இடத்தில் வலை கட்டலாம் என்பதை முறைவைத்துப் பங்கிடும் பாடு என்ற ஏற்பாடு தலைமுறைகளாக இருக்கிறது. இடத்துக்குப் பெயர் இல்லாமல் அத்தகைய பங்கீடு நடக்கவே முடியாது. ஆழமற்ற நீரில் கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர்களுக்கும் தரையின் ஒவ்வொரு மாற்றமும் தெரியும். அண்மை ஆண்டுகளில் கழியின் அடித்தரையில் பாய்விரித்ததுபோல் பரவி, இறாலுக்கு இடமில்லாமல் செய்துவரும் அயல்நாட்டுச் சிப்பி ஒன்றுக்கு கழியில் மீன்பிடிப்போரே காக்கா ஆழி என்று பெயர் வைத்தார்கள். மத்திய, தென் அமெரிக்கக் கடலோரங்களைச் சேர்ந்த அந்த உயிரி கப்பல்களின் வழியாக வந்திருக்க வேண்டும் என்று கருதப்படுகிறது. அறிவியல் அறிக்கைகளும் வழக்குகளும் அந்தச் சிப்பியைப் பற்றிப் பேசத் தொடங்கியபோது, காக்கா ஆழி என்ற பெயர் ஏற்கெனவே வழக்கில் இருந்தது.

கால்வாயின் பெயர் வரலாறு இதற்கு நேர்மாறானது. அது முழுக்க மேலிருந்து வந்தது. 1806இல் பேசில் காக்ரேன் என்ற வணிகரின் முயற்சியில் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டப்பட்ட முதல் பகுதி காக்ரேன் கால்வாய் எனப்பட்டது. கழியின் நீரைப் பயன்படுத்தி அது மேலும் வடக்கே பழவேற்காடு ஏரி வரை நீட்டப்பட்டது. 1837இல் சென்னை அரசு அதை எடுத்துக்கொண்டது. 1876 முதல் 1878 வரை நீடித்த கொடும் பஞ்சத்தின்போது, நிவாரண வேலையாகக் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் 8 கிலோமீட்டர்ப் பகுதி வெட்டப்பட்டு, அப்போதைய ஆளுநரான பக்கிங்காம் கோமகனின் பெயர் 1878இல் கால்வாய் முழுமைக்கும் சூட்டப்பட்டது. கூலிக்கு மண் சுமந்த பஞ்சப்பட்ட மக்களின் தடம் அந்தப் பெயரில் எங்கும் இல்லை. விறகும் உப்பும் படகுகளில் சென்னைக்கு வந்த வழி அது. கழியின் நில அமைப்புக்கு அது செய்த மாற்றம் பெரிது: இயற்கையில் தனித்தனியாகக் கிடந்த உப்பங்கழிகளை ஒன்றோடொன்று கோத்துவிட்டது. இதனால் ஓரிடத்தில் விழும் அழுக்கு வேறோர் இடத்தில் போய்ச் சேர வழி பிறந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் வெள்ளத்தில், மணலித் தொழிற்பகுதியிலிருந்து வெளியான எண்ணெய் கால்வாய் வழியாகக் கழிக்குள் வந்து, வலைகளையும் படகுகளையும் கண்டல் செடிகளையும் பூசியது இந்த இணைப்பின் நேரடி விளைவு.

உப்புக்காகவும் இந்தக் கழி அறியப்பட்டது. எண்ணூரிலும் அத்திப்பட்டிலும் உப்பளங்கள் இருந்தன. உப்புத் துறைக்குச் சொந்தமான நிலங்கள் இன்றும் உள்ளன. ஓதநீரை வாங்கித் தேக்கிக் காயவைக்கும் உப்பளம் கழியின் ஒரு வகைப் பயன்பாடுதான். பாத்தி கட்டியிருந்தாலும் மழைவெள்ளம் அதன்மேல் பரவிச் செல்லும், பறவைகள் அங்கே இரை தேடும். ஆனால் பதிவேட்டில் உப்பளம் என்றோ புறம்போக்கு என்றோ எழுதப்பட்ட நிலம், சில பத்தாண்டுகளில் பயனற்ற நிலம் என்று வாசிக்கப்படத் தொடங்கியது. தொழிலுக்கு ஒதுக்க வசதியான இடமாக அது மாறிய வழி இதுவே.

1970இல் எண்ணூர் அனல்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. 450 மெகாவாட் திறன் கொண்ட அது 2017இல் மூடப்பட்டது. 1990களில் வட சென்னை அனல்மின் நிலையம் வந்தது, பின்னர் வல்லூரில் 1500 மெகாவாட் நிலையம். நிலக்கரியை இறக்குவதற்கென்றே முதன்மையாகத் திட்டமிடப்பட்ட எண்ணூர்த் துறைமுகம் 2014இல் காமராசர் துறைமுகம் ஆனது. அதற்கும் வடக்கே காட்டுப்பள்ளியில் தனியார் துறைமுகம் ஒன்று இருக்கிறது. இந்தப் பெயர்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். தொழில்கள் கழியின் நடுவிலும் விளிம்பிலும் எழுந்தபோது, அவற்றின் பெயர்கள் எண்ணூர், வட சென்னை, வல்லூர், காட்டுப்பள்ளி என்று தனித்தனி ஊர்களாகப் பிரிந்து நின்றன. ஒவ்வொன்றும் வேறொரு இடத்தில் இருப்பதுபோலவும், ஒவ்வொன்றின் பாதிப்பும் தனித்தனியே கணக்கிடத்தக்கது போலவும் ஒரு தோற்றம் உண்டாயிற்று. நீருக்கோ அந்தப் பிரிவினை தெரியாது. நிலக்கரிச் சாம்பலைக் குழம்பாக்கிக் கொண்டுசெல்லும் குழாய்கள் கசிந்தபோதெல்லாம் அது ஒரே கழியின் தரையில்தான் படிந்து, ஆள் உயரத்துக்கு மேல் ஆழமிருந்த இடங்களை முழங்கால் அளவாக்கியது.

இந்த இடத்தில்தான் கழி என்பதன் வரையறை சட்டப் பொருள் பெறுகிறது. 1991இல் வெளியான கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, கடலை மட்டுமின்றி ஓதம் ஏறும் ஆறுகளையும் கழிகளையும் அவற்றின் கரைகளையும் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. கண்டல் காடு, ஓதம் ஏறி இறங்கும் நிலம் போன்றவை மிக உயர்ந்த பாதுகாப்பு வகையில் சேர்ந்தன. ஓதம் எதுவரை ஏறுகிறது என்பதை எப்படி அறிவது? 2011ஆம் ஆண்டு அறிவிக்கை அதற்கு ஓர் அளவுகோல் தந்தது: ஆண்டின் மிக வறண்ட காலத்தில் நீரின் உப்பு ஆயிரத்தில் ஐந்து பங்காக இருக்கும் இடம் வரை. கடல்நீரின் உப்பு ஆயிரத்தில் ஏறத்தாழ முப்பத்தைந்து பங்கு என்பதை நினைவில் கொண்டால், அதில் ஏழில் ஒரு பங்கு உவர் இருக்கும் இடம் வரை கழி நீள்கிறது என்பதே சட்டத்தின் கணக்கு. இது அறிவார்ந்த அளவுகோல் என்றே சொல்வேன். பெயரையோ பதிவேட்டையோ கேளாமல் நீரையே கேட்கிறது. பூண்டிக்குப் பின் நன்னீர் குறைந்து, உவர் மேற்கே ஏறிய எண்ணூரில் இந்த அளவுகோலின்படி கழியின் எல்லை மக்கள் வழக்கமாக நினைப்பதைவிட வெகுதூரம் உள்ளே போகும்.

ஆனால் அளவுகோல் நிலப்படமாக மாறும்போதுதான் சிக்கல். 1996இல் தமிழ்நாட்டின் கடலோர மேலாண்மைத் திட்டத்துக்கு மத்திய அரசு ஒப்புதல் அளித்தது. அதனோடு இணைந்த நிலப்படத்தில் எண்ணூர்க் கழி இருந்தது. 2017இல் தகவல் உரிமைச் சட்டத்தின் வழியே வெளிவந்த ஆவணங்கள், அதிகாரிகள் பயன்படுத்திவந்த மற்றொரு நிலப்படத்தில் அந்தக் கழி இல்லை என்பதைக் காட்டின. முகத்துவாரமும் ஆற்றின் கோடும் இருக்கலாம். ஆனால் காட்டுப்பள்ளிக்குப் பின்னால் விரிந்து கிடக்கும் பரப்பு கழியாகக் குறிக்கப்படவில்லை என்றால், அதன்மேல் சாலையும் நிலக்கரிக் கிடங்கும் போடுவதற்குச் சட்டத்தில் தடை தெரியாது. எட்டாயிரம் ஏக்கர் என்று அங்குள்ள மீனவர் அமைப்புகளும் சூழலியலாளர்களும் சொல்லும் சதுப்பு நிலத்தின் பெரும்பகுதிக்கு நேர்ந்தது இதுவே. எண்ணூர்க் கழிமுகம் என்ற பெயரும் இதற்குத் தன்னையறியாமல் துணைபோயிருக்கிறது என்பது என் கணிப்பு. கழிமுகம் என்று எழுதும்போது கண் வாயைத்தான் தேடுகிறது. வாய் அங்கே இருப்பதைப் பார்த்துவிட்டால், உடல் எங்கே என்ற கேள்வி எழுவதில்லை.

நிர்வாக எல்லையும் கழியை இரண்டாக வெட்டுகிறது. 2018இல் மாநகராட்சி எல்லையோடு சென்னை மாவட்டம் விரிவாக்கப்பட்ட பின், தென்கரை சென்னை மாவட்டத்தில், வடகரை திருவள்ளூர் மாவட்டத்தின் பொன்னேரி வட்டத்தில். வெள்ளக் காலத்தில் தென்கரையின் ஊர்கள் மாநகரத்தின் பொறுப்பு. அதே வெள்ளம் வடிய வேண்டிய வடக்குப் பரப்பு வேறொரு மாவட்டத்தின் பதிவேட்டில். நதியின் எல்லையை மாவட்ட எல்லையாக்குவது உலகெங்கும் உள்ள வழக்கம்தான். ஆனால் கழி என்பது ஓடும் கோடு அன்று, பரவும் பரப்பு; அதை நடுவில் பிளந்தால் முழுமைக்கும் பொறுப்பேற்பவர் இல்லாமல் போகிறது.

எண்ணூர்க் கழி என்ற பொதுப்பெயர் நிலைத்துவிட்டது. அதை மாற்றத் தேவையில்லை. அதனுள் இருக்கும் பகுதிகள் தனித்தனியே பெயர் பெற்று நிலப்படத்தில் ஏறுவதே வேண்டியது. கடல்வாய்க்கு முகத்துவாரம் என்ற சொல் மக்கள் வழக்கில் ஏற்கெனவே இருக்கிறது. வல்லூர் அணைக்கட்டிலிருந்து கிழக்கே ஓதம் ஏறும் ஆற்றுப்பகுதியைக் கொசத்தலைக் கழி என்று குறிக்கலாம். வடக்கே பழவேற்காடு வரை நீளும், இன்று தனிப்பெயர் இல்லாமல் கால்வாய் என்றோ உப்பங்கழி என்றோ மட்டும் சுட்டப்படும் பகுதிக்குக் காட்டுப்பள்ளிக் கழி என்பது பொருத்தமான பெயர். மூன்றுக்கும் உப்பளவின்படி எல்லை வரைந்து, கரையோர ஊர்களின் மீனவர்களை அழைத்து மடுவும் மேடும் திட்டும் அவர்கள் சொல்லும் பெயர்களோடு பதியப்பட வேண்டும். கடலோர நிலப்படங்கள் புதிய அறிவிக்கைகளின்படி அவ்வப்போது திருத்தி வரையப்பட்டு, பொதுமக்களின் கருத்துக்கு வைக்கப்படுகின்றன. அத்தகைய கருத்துக்கேட்பில், ஆங்கிலத்தில் மட்டும் அச்சான நிலப்படத்தை விரித்துவைத்து உங்கள் ஊர் எங்கே என்று கேட்பதைவிட, முகத்துவாரகுப்பத்தையும் காட்டுக்குப்பத்தையும் தமிழில் எழுதிய படத்தை வைத்து, நீர் எதுவரை ஏறுகிறது என்று கேட்டால் சரியான விடை கிடைக்கும்.